பள்ளியில் கேலி, மிரட்டலால் தவிக்கும் பிள்ளைக்கு ஆன்லைன் பள்ளி கைகொடுக்குமா? - பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"வயிறு வலிக்குது, இன்னிக்கு ஸ்கூல் வேணாம்." பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டிலும் எப்போதாவது கேட்கும் பேச்சுதான் இது. ஆனால் அந்த வலி ஞாயிறு இரவே ஆரம்பிக்கிறது, வெள்ளி மாலையோடு காணாமல் போகிறது என்றால், அது வயிற்றுப் பிரச்னையாக மட்டும் இருக்க வாய்ப்பில்லை. வகுப்பறையில், பள்ளி வேனில், கழிப்பறை வாசலில் யாரோ அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து சீண்டிக்கொண்டிருக்கலாம்.

இந்த நிலையில் இருக்கும் பெற்றோர் பலருக்கு இப்போது ஒரு யோசனை வருகிறது. "பேசாம ஆன்லைன் ஸ்கூல்ல சேர்த்துடலாமா?" கொரோனா காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படித்தார்கள், இப்போது ஏன் முடியாது என்பது அவர்கள் கேள்வி.

முடியும். சில பிள்ளைகளுக்கு அது நல்ல பலனும் தரும். ஆனால் வீட்டில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆன்லைன் படிப்பு யாருக்கு உதவும், எப்படி உதவும், தமிழ்நாட்டில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

புல்லியிங் என்றால் என்ன?

நண்பர்களுக்குள் நடக்கும் கிண்டல் எல்லாம் புல்லியிங் ஆகாது. நார்வேயில் 1970-களில் இருந்து இதை ஆய்வு செய்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார். ஒன்று, வேண்டுமென்றே காயப்படுத்துவது. இரண்டு, திரும்பத் திரும்ப நடப்பது. மூன்று, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாமல் இருப்பது.

மூன்றாவது அடையாளம் முக்கியம். இருவரும் மாறி மாறிக் கலாய்த்துக்கொண்டால் அது விளையாட்டு. ஒருவர் மட்டுமே எப்போதும் வாங்கிக்கொண்டிருக்கிறார், அவரால் திருப்பிச் சொல்லவும் முடியவில்லை என்றால், "சும்மா ஜாலிக்குத்தான் சார்" என்ற விளக்கத்தை ஏற்க முடியாது.

அடிப்பது, பணம் அல்லது டிபன் பாக்ஸைப் பிடுங்குவது மட்டுமல்ல. நிறம், உடல் எடை, பேச்சுத் திக்கல், சாதி, மதம், அப்பாவின் தொழில் இவற்றைச் சொல்லி இழிவுபடுத்துவதும் புல்லியிங்தான். வகுப்பே சேர்ந்து ஒருவரிடம் பேசாமல் ஒதுக்கி வைப்பதும் அப்படியே. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் படத்தை மீம் ஆக்கிச் சுற்ற விடுவது இதன் புதிய வடிவம்.

எவ்வளவு பரவலாக நடக்கிறது?

யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலக அளவில் சுமார் மூன்றில் ஒரு மாணவர், கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு மாதத்தில் குறைந்தது ஒரு முறையாவது சக மாணவர்களின் துன்புறுத்தலைச் சந்தித்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் இது எந்த எல்லை வரை போகும் என்பதற்கு நாங்குநேரி ஒரு சாட்சி. 2023 ஆகஸ்ட்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவர் ஒருவரை, அவர் வீட்டுக்கே போய் மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் படுகாயம் அடைந்தார்.

அதற்கு முன்பே அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் சக மாணவர்களின் தொல்லை வெளியே வந்தது. அதன் பிறகே தாக்குதல் நடந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். "ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்பது பெரும்பாலும் சோம்பேறித்தனம் அல்ல, அது பிள்ளை தரும் முதல் தகவல். அடுத்து, புகார் கொடுத்த பிறகான நாட்களில்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு அதிகம் தேவை.

ஆன்லைன் படிப்பு எப்படி உதவுகிறது?

பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் பாடத்தைக் கவனிக்க முடியாது. அடுத்த பீரியடில் யார் பின்னால் உட்காருவார்கள், இடைவேளையில் எங்கே ஒளிவது, வேனில் எந்த சீட் பாதுகாப்பு என்ற கணக்கே மனதில் ஓடிக்கொண்டிருக்கும். மதிப்பெண் குறையும். "படிப்பும் வரல" என்று வீட்டிலும் திட்டு விழும். பிள்ளை இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

ஆன்லைன் படிப்பு முதலில் இந்தச் சுழற்சியை அறுக்கிறது. அது எப்படி?

- அச்சம் தரும் இடங்கள் இல்லாமல் போகின்றன. புல்லியிங் பெரும்பாலும் ஆசிரியர் கண் படாத இடத்தில்தான் நடக்கும். வராந்தா, கழிப்பறை, விளையாட்டு மைதானத்தின் மூலை, பேருந்து நிறுத்தம் என எதுவும் ஆன்லைன் வகுப்பில் கிடையாது.

- கேள்வி கேட்கும் தைரியம் திரும்புகிறது. தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கும் என்று பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளை, ஆசிரியருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பிச் சந்தேகம் கேட்கலாம்.

- விட்டதைப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. பல மாதங்களாக மனம் ஒன்றாமல் இருந்ததால் அல்ஜீப்ராவில் அடிப்படையே விட்டுப்போயிருக்கும். ரெக்கார்டு செய்த பாடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புப் பாடத்துக்கே திரும்பிப் போனாலும் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை.

- பட்டப்பெயர் கழன்று விழுகிறது. பழைய வகுப்பில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் பத்தாம் வகுப்பு வரை போகாது. புது ஆசிரியர்கள், புது மாணவர்கள் நடுவே அந்தப் பிள்ளைக்குச் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கிறது.

கொரோனா காலம் இதற்கு ஒரு எதிர்பாராத சோதனைக்களமாக அமைந்தது. அமெரிக்காவில் 2020-ல் பள்ளிகள் ஆன்லைனுக்கு மாறிய மாதங்களில், பள்ளி புல்லியிங் பற்றியும் இணையவழி புல்லியிங் பற்றியும் கூகுளில் தேடுவது சுமார் 30 முதல் 40 சதவீதம் வரை குறைந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எல்லோரும் நாள் முழுக்க இணையத்தில் இருந்த காலத்திலும் இணையவழித் தொல்லை பற்றிய தேடல் குறைந்தது கவனிக்க வேண்டியது. செல்போனில் தொடரும் சீண்டலுக்கும் விதை பெரும்பாலும் வகுப்பறையில்தான் விழுகிறது என்பதை இது காட்டுகிறது.

அப்படின்னா எல்லோருக்கும் இது சரியா வருமா?

வராது. அதே கொரோனா காலம் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. தனிமை, தூக்கம் கெடுவது, போனை விட்டு நகர முடியாமை, படிப்பில் பின்தங்குவது எல்லாம் வீட்டிலிருந்து படித்த பிள்ளைகளிடமும் இருந்தது.

கீழே உள்ள நிலைமைகளில் ஆன்லைன் படிப்பு முதல் தேர்வாக இருக்கக் கூடாது.

- வீட்டிலேயே அடி, சண்டை, குடிப்பழக்கம் போன்ற பிரச்னை இருந்தால். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிதான் மூச்சுவிடும் இடம்.

- பகல் முழுவதும் வீட்டில் பெரியவர் யாரும் இல்லாமல், பிள்ளை தனியாகவே இருக்க வேண்டியிருந்தால்.

- பிள்ளை ஏற்கெனவே யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருந்தால். அங்கே முதல் தேவை மனநல மருத்துவர். படிப்பு அடுத்தது.

- அரசுப் பள்ளியின் மதிய உணவு, காலை உணவு, உதவித்தொகை போன்றவை குடும்பத்துக்கு முக்கியமாக இருந்தால். பள்ளியை விட்டு வெளியே வந்தால் இவை நின்றுபோகலாம்.

- பெண் பிள்ளையாக இருந்து, "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று சமையல் வேலையும் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் தலையில் விழும் என்றால். ஆன்லைன் படிப்பு என்ற பெயரில் படிப்பே நின்றுபோன கதையாகிவிடும்.

தமிழ்நாட்டில் என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பள்ளியை விட்டு ஒரேயடியாக வெளியேறும் முன், படிப்படியாகப் பார்ப்பது நல்லது.

1. அதே பள்ளியில் தற்காலிக ஏற்பாடு. சில வாரங்கள் வீட்டிலிருந்தே படிக்க, பாடக் குறிப்புகளை அனுப்ப, வகுப்பின் பிரிவை மாற்றித் தர தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். மருத்துவர் சான்று இருந்தால் வலு கூடும். இந்த இடைவெளியில் கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி, தீக்‌ஷா தளம் ஆகியவற்றில் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு இவை மிகவும் வசதி.

2. வேறு பள்ளி. பல நேரங்களில் பிரச்னை பள்ளிக்கூடம் என்ற அமைப்பில் இல்லை, அந்தக் குறிப்பிட்ட கூட்டத்தில்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 5-வது பிரிவுப்படி, தொடக்கக் கல்வியில், அதாவது 8-ம் வகுப்பு வரை, வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைக்குத் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. தர வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது.

3. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வரும் இது, 10, 12-ம் வகுப்புச் சான்றிதழ் தரும் ஒரு தேர்வு வாரியம்.

4. தனித்தேர்வர். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வுகளைப் பள்ளியில் படிக்காமல் தனித்தேர்வராகவும் எழுதலாம். வயது வரம்பு உண்டு. 10-ம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சியும் கட்டாயம். எனவே ஆண்டின் தொடக்கத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.

5. தனியார் ஆன்லைன் பள்ளிகள். நேரலை வகுப்பு, ஆசிரியர், வீட்டுப்பாடம் என முழுப் பள்ளி போலவே நடத்துகிறார்கள். கட்டணம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். இங்கேதான் அதிக எச்சரிக்கை தேவை. அதைப் பின்னால் பார்ப்போம்.

என்.ஐ.ஓ.எஸ். எப்படிச் செயல்படுகிறது?

சி.பி.எஸ்.இ. 1979-ல் ஒரு திட்டமாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989-ல் தனி நிறுவனமானது. பல்வேறு காரணங்களால் வழக்கமான பள்ளிக்குப் போக முடியாதவர்களுக்காகவே உருவானது. விளையாட்டு வீரர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், இடைநின்றவர்கள் எனப் பலரும் இதில் படிக்கிறார்கள். 2021-ல் மெய்நிகர் பள்ளி வசதியும் தொடங்கப்பட்டது.

முக்கியமான விதிகள் இவை.

- 10-ம் வகுப்புக்குச் சமமான படிப்பில் சேரக் குறைந்தபட்ச வயது 14. 12-ம் வகுப்புக்குச் சமமான படிப்புக்கு 15 வயதும், 10-ம் வகுப்புத் தேர்ச்சியும் வேண்டும்.

- ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். அதில் குறைந்தது ஒன்று மொழிப்பாடம். மொழிப்பாடங்களில் தமிழும் உண்டு.

- பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் இன்னொன்று.

- ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை. இரண்டு பாடம் இப்போது, மூன்று பாடம் அடுத்த முறை என்று பிரித்து எழுதலாம். நொந்துபோயிருக்கும் பிள்ளைக்கு இதுதான் பெரிய நிம்மதி.

- 12-ம் வகுப்புச் சான்றிதழுக்கு, 10-ம் வகுப்பு முடித்ததிலிருந்து இரண்டு ஆண்டு இடைவெளி இருக்க வேண்டும். "ஒரே வருஷத்துல பிளஸ் 2 முடிச்சுத் தர்றோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் உஷாராகிவிடுங்கள்.

வீட்டிலிருந்து படித்தாலும் பொதுத்தேர்வை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். செய்முறை உள்ள பாடங்களுக்கும் படிப்பு மையத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

மேற்படிப்புக்குச் சிக்கல் வருமா?

என்.ஐ.ஓ.எஸ். 12-ம் வகுப்பை ஐந்து பாடங்களோடு முடித்தவர்கள் ஜே.இ.இ. தேர்வு எழுதலாம். நீட் தேர்வில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு முன்பு தடை இருந்தது. அந்த விதியை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரிக்க முன்வந்த பிறகு, 2024-ல் உச்ச நீதிமன்றத்திலும் இந்த விவகாரம் மாணவர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

ஆனால் பாடத் தேர்வில் கோட்டை விட்டால் கஷ்டம். மருத்துவம் படிக்க ஆசை இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் இருக்க வேண்டும். சுலபமாக இருக்கிறதே என்று வேறு பாடம் எடுத்துவிட்டு, பிறகு வருந்துவதில் பயனில்லை.

தமிழ்நாட்டு அரசு வேலை அல்லது மாநிலக் கல்லூரிச் சேர்க்கையை மனதில் வைத்திருப்பவர்கள், சான்றிதழின் சமநிலை குறித்த நடப்பு அரசாணையைப் பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேர வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் இருந்து பிள்ளையை வெளியே எடுத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். இந்த நிலையில் வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

தனியார் ஆன்லைன் பள்ளியில் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

- பொதுத்தேர்வை எந்த வாரியம் நடத்தும்? சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? "எங்க ஸ்கூல் சர்டிபிகேட்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

- பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கும்? நடுவில் வேறு பள்ளிக்கு மாறினால் டி.சி. தருவார்களா?

- ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நேரலையா, ரெக்கார்டு செய்த வீடியோ மட்டுமா?

- பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் யார் போன் செய்வார்கள்?

- ஆன்லைன் வகுப்பில் கேலி நடந்தால் என்ன நடவடிக்கை? மாணவர்களுக்குள் நடக்கும் சாட்டை யார் கண்காணிக்கிறார்கள்?

- ஒரு மாதத்தில் பிடிக்கவில்லை என்றால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? இதை எழுத்தில் வாங்குங்கள்.

சேரும் முன் ஒரு வாரம் சோதனை வகுப்பு கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். ஆசிரியர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்பதைக் கவனித்தாலே பாதி புரிந்துவிடும்.

முதல் மூன்று மாதம் எப்படி நடத்துவது?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர், சக மாணவிகள் ஒதுக்கி வைத்ததால் பள்ளியை விட்டு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு வாரம் முழுப் பாடத்தையும் திணிக்க வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காகட்டும். தினம் இரண்டு மணி நேரம் போதும். அதுவும் அவருக்குப் பிடித்த பாடத்தில் இருந்து தொடங்கலாம். "நீ பயந்து ஓடி வந்துட்ட" என்ற சொல் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் யாராக இருந்தாலும் இதுதான் விதி.

மூன்றாவது வாரத்திலிருந்து நேரம் போடுங்கள். காலையில் குளித்து, உடை மாற்றி, மேசையில் உட்கார வேண்டும். படுக்கையில் போர்வைக்குள் வகுப்பு கூடாது. காலையில் கடினமான பாடம், மதியம் எழுத்து வேலை, மாலையில் வீட்டை விட்டு வெளியே ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். சிலம்பம், இறகுப்பந்து, செஸ், பாட்டு, அரசு நூலகம் எதுவாகவும் இருக்கலாம். பழைய பள்ளிப் பிள்ளைகள் இல்லாத இடமாக இருப்பது நல்லது. பத்து நண்பர்கள் தேவையில்லை, ஒரே ஒரு நல்ல தோழி கிடைத்தால் போதும். தன்னைப் பிடிக்கும் ஒருவர் வெளியே இருக்கிறார் என்று தெரிந்தால்தான் "என்கிட்டதான் ஏதோ தப்பு" என்ற எண்ணம் கரையும்.

பள்ளி அல்லது மாவட்ட அரசு மருத்துவமனை வழியாக மனநல ஆலோசகரை மாதம் இரு முறையாவது பார்ப்பது நல்லது. ஆன்லைன் படிப்பு காயப்படும் இடத்திலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கும். ஏற்கெனவே பட்ட காயத்துக்குத் தனி மருந்து வேண்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் தூங்குகிறாளா? தானாகப் புத்தகத்தை எடுக்கிறாளா? வாரத்தில் ஒரு முறையாவது வாய்விட்டுச் சிரித்தாளா? வெளியே போகத் தயங்குவது குறைந்திருக்கிறதா? பதில் ஆமாம் என்றால் வழி சரி. கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கும் நேரம்தான் கூடியிருக்கிறது என்றால், திட்டத்தை மாற்ற வேண்டும்.

செல்போனில் தொல்லை தொடர்ந்தால்?

பள்ளியை விட்டு வந்த பிறகும் பழைய வகுப்புக் குழுவில் இருந்தால் பிரச்னை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, நேரம், அனுப்பிய எண் தெரிய வேண்டும். பிறகு அந்தக் குழுவிலிருந்து வெளியேறி, எண்ணை பிளாக் செய்யுங்கள். கோபத்தில் பதில் அனுப்ப வேண்டாம். பிறகு அதையே எதிராகக் காட்டுவார்கள்.

பிள்ளையின் போனைப் பிடுங்கி வைப்பதுதான் பெற்றோர் பலர் செய்யும் முதல் வேலை. அப்படிச் செய்தால் அடுத்த முறை மிரட்டல் வந்தாலும் பிள்ளை உங்களிடம் சொல்லாது. ஆபாசப் படம், மார்பிங், மிரட்டல் இருந்தால் மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவில் புகார் பதியலாம்.

பள்ளியை விட்டு வந்தாச்சு, இனி புகார் எதற்கு?

இந்த இடத்தில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். "விடுங்க, நம்ம பிள்ளை தப்பிச்சா போதும்" என்று நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் வெளியேறி, சீண்டியவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அடுத்த வாரம் அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை வரும். அதோடு, "நான்தான் தண்டிக்கப்பட்டேன்" என்ற எண்ணம் உங்கள் பிள்ளையின் மனதில் நிற்கும். தன் பக்கம் நியாயம் இருப்பதைப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதே ஆறுதலில் பாதி.

என்ன செய்யலாம்?

- தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். நாள், இடம், யார், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள்.

- சி.பி.எஸ்.இ. பள்ளியாக இருந்தால், புல்லியிங் தடுப்புக் குழு அமைக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தக் குழு எங்கே என்று கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி உண்டு.

- தொல்லை கொடுத்தது ஆசிரியர் என்றால், உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது.

- பாலியல் ரீதியான சீண்டல் என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். விஷயம் தெரிந்த பிறகு பள்ளி மறைப்பதும் குற்றம். சாதியைச் சொல்லி நடந்த வன்முறைக்கு எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளி நல அலுவலர் நியமனம் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. பள்ளியைப் பாதுகாப்பான இடமாக்குவது பள்ளியின் பொறுப்பு, பிள்ளையின் பொறுப்பு அல்ல என்பதே அதன் சாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீண்டியவர்களும் சிறுவர்கள்தான். அவர்களைப் பழிவாங்குவது நோக்கமாக இருக்கக் கூடாது. அவர்களுக்கும் ஆலோசனை, பெற்றோர் சந்திப்பு, திருந்த வாய்ப்பு தேவை. ஆனால் அதற்காக உங்கள் பிள்ளையை "கை குலுக்கி சமாதானமாப் போ" என்று எல்லோர் முன்னாலும் கட்டாயப்படுத்த விடாதீர்கள்.

உதவி எண்கள்

- 1098: குழந்தைகளுக்கான உதவி எண். 24 மணி நேரமும் செயல்படும்.
- 14417: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை உதவி மையம்.
- 14416: டெலி-மானஸ் இலவச மனநல ஆலோசனை. தமிழிலும் பேசலாம்.

திரும்பவும் பள்ளிக்குப் போக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் கதவைத் திறந்தே வைத்திருங்கள். பல பிள்ளைகளுக்கு ஆன்லைன் படிப்பு ஓராண்டு இளைப்பாறும் நிழல் போல. தெம்பு வந்ததும் 11-ம் வகுப்பில் புதிய பள்ளிக்குப் போவது வசதியான நேரம், ஏனென்றால் அப்போது வகுப்பில் பலரும் புதிதாக வருகிறார்கள். சிலர் 12-ம் வகுப்பை வீட்டிலிருந்தே முடித்து நேராகக் கல்லூரிக்குப் போக விரும்பலாம். இரண்டும் சரிதான்.

எதுவானாலும் முடிவெடுக்கும் மேசையில் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். புல்லியிங் ஒரு பிள்ளையிடம் இருந்து முதலில் பறிப்பது, தன் விஷயத்தில் தனக்கு ஒரு சொல் இருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான். எந்தப் பள்ளி, எந்தப் பாடம், எப்போது திரும்புவது என்று அவர்களிடமே கேட்பது, அந்த நம்பிக்கையைத் திருப்பித் தரும் முதல் படி.